மூன்று துண்டும் கிடைத்தன

நாளை நம் பனியன் கம்பெனியில் ஆடிட். காலையில் ஒடிந்த ஊசிகளை ஒட்டிவைக்கும் பழைய ரிஜிஸ்டர்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் எண்ணெய் வாடையடிக்கும் ஒரு பக்கத்தில், மஞ்சளாகிப்போன டேப்புக்கு அடியில் உன் ஊசி இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து: "மூன்று துண்டும் கிடைத்தன. காயம் ஆறியது." அதைத் தொட்டதும் என் விரல் சுரீரென்றது.

உனக்குத் தெரியாதே, எனக்கும் குத்திவிட்டது. ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண்ணுக்குத் தையலைச் சரிசெய்து காட்டப் போனேன். ஊசி நகத்தோடு ஏறி ஒடிந்தது. பத்து நாளில் புண் ஆறிவிட்டது. ஐந்து மாதமாகியும் வலி போகவில்லை. பனியன் துணி உரசினாலே எரிகிறது. சூப்பர்வைசருக்கே கை சரியில்லை என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்து, கையை முந்தானைக்குள் மறைத்தபடி தையல் லைனைச் சுற்றி வந்தேன்.

உனக்குக் குத்திய அன்று ஓடியது குழந்தைகள் உடுப்பு ஆர்டர். ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். நீ விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் காந்தத்தோடு தரையில் முனையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைத்த நிம்மதியில் உன் ரத்தம் என் கண்ணிலேயே படவில்லை. பின்னால் உன் புண் மூடியதும் "காயம் ஆறியது" என்றும் சேர்த்து எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, தோழி என்ற உரிமையோடு வந்து நின்றாய். "ஏட்டி, நெசமாவே வலிக்குது. துணி பட்டாக்கூட தீயா எரியுது."

நான் ரிஜிஸ்டரைத் திறந்து நீட்டினேன். "மூணு துண்டும் இங்கதான இருக்குது புள்ள. அப்பறம் எதுதான் உனக்குக் குத்துது?"

லைனே சிரித்தது. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு நீ மெஷினுக்குப் போனாய். சாபம் விடுகிறாள் என்று ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டு ஊருக்குப் போனாய். போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாய் என்று கேட்டபோது அழுதேன். உன் விரல் அப்போதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

போன வாரம் டாக்டரிடம் போனேன். "உள்ள துண்டு ஏதாச்சும் நின்னுருச்சுங்களா?" என்று கேட்டேன்.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. ஆனா வலி நெசம்தானுங்க." காயம் பட்டால் உடம்பின் காவல் செல்கள் அங்கே ஓடிவருமாம். அவை சுரப்பது நரம்பை உசுப்புமாம். உசுப்பப்பட்ட நரம்பும் எதையோ சுரந்து காவல் செல்களை இன்னும் கிளறிவிடுமாம். பெரும்பாலும் புண் ஆறினால் இதெல்லாம் அடங்கிவிடும், சிலருக்கு மட்டும் அடங்காமல் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கும் என்றார். எக்ஸ்ரேயில் அது தெரியாதாம். எனக்கு அடங்குமா என்று கேட்டேன். மருந்து தொடங்கிப் பார்ப்போம் என்றார், அடங்கும் என்று சொல்லவில்லை. அவர் பேசப் பேச உன் முகம்தான் வந்து நின்றது.

நேற்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் ரிஜிஸ்டரில் என் பக்கத்தைத் திறந்தார். "துண்டு பூராவும் இருக்குதில்லீங்க்கா? அப்பறம் வலி எங்கிருந்துங்க வருது?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீயாவது பதில் சொன்னாய்.

ஆடிட்டுக்கு முன்னால் பழைய பக்கத்தில் பேனா வைக்காதீர்கள் என்று எல்லாருக்கும் சட்டம் பேசுகிறவள் நான். நாளை கேள்வி வரும், வேலைகூடப் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது, பேனா பிடித்த விரல் இன்னும் எரிகிறது. "காயம் ஆறியது" என்பதற்கு அடியில் இன்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: "வலி ஆறவில்லை. அவள் சொன்னாள். நான் நம்பவில்லை."