நீ இருக்காத நோன்பு

செவிலிமேடு

அன்பு மகள் ஸ்ருதிக்கு அம்மா மதனவதி எழுதிக்கொள்வது.

அருகன் புண்ணியத்துல நான் சுகமா இருக்குறேன். உங்கப்பாவும் சுகமா இருக்குறாரு, அவரு இவ்ளோ சுகமா இருக்குறதுதான் எனக்கு இப்ப பொறுக்கல, அத அப்புறம் சொல்றேன். பூனாவுல வெயில் எப்படி, மாப்ள எப்படி. இங்க பக்கத்து மனையில வீடு கட்றவங்க நம்ம வாசல்ல ஜல்லியக் கொட்டிட்டு தினம் சாரி ஆன்ட்டி சொல்லிட்டுப் போறாங்க. ஆறாவதோட நின்னவ கடுதாசி எழுத உக்காந்துட்டாளேன்னு சிரிக்காத. போன்ல பேசினா நான் ஏதாவது கிண்டல் பண்ணுவேன், நீ சிரிப்ப, நானும் சிரிச்சிடுவேன், கேக்க வந்தது தொண்டையிலேயே நின்னுடும்.

தீபாவளி முடிஞ்சதுலேருந்து நீ இளைச்சிக்கினே வந்த. என்னடின்னு கேட்டா நோன்பும்மா, ஒருவேளைதான் சாப்பாடுன்ன. நான் பூரிச்சிப் போயிட்டேன். வடைச் சட்டி அடுப்புல ஏறினா தெருக்கோடியிலேருந்து ஓடியாற பொண்ணு, ஒருவேளை சாப்பாடாம்! திருப்பருத்திக்குன்றம் கோயில்ல யாரப் பாத்தாலும் எனக்கு இதே பேச்சு, ஷேர் ஆட்டோக்காரருக்குக்கூடச் சொல்லிட்டேன். கோயில் பொம்பளைங்களுக்கெல்லாம் தலைவின்னு தானே சொல்லிக்குவாளே கௌசல்யா, அவ, அட்சய திருதியைக்கு உன் பொண்ணு வரட்டும், ஆதிநாதர் தீர்த்தங்கரர் அன்னிக்குக் கரும்புச் சாறு குடிச்சி நோன்ப முடிச்ச மாதிரி எல்லார் முன்னாலயும் அவளுக்கும் சாறு குடுத்து நோன்ப முடிச்சி வெச்சி பொன்னாடை போத்துவோம்னா. உன்கிட்ட சொன்னேன், நீயும் சரிம்மான்ன.

அப்புறம் வீடியோவுல வரும்போதெல்லாம் தலையில துப்பட்டா. குளிரும்மான்ன. பங்குனியில குளிராம்! ஒருநாள் அது நழுவிச்சி, பாத்தா கைப்பிடிக்குள்ள அடங்காத சடை எலிவாலா இருக்குது, வகிடு பைபாஸ் ரோடு மாதிரி அகலம். என் புத்தி எங்க போச்சி தெரியுமா? நோன்பு இருக்குறா, முடி போவுது, தலைய மூடுறா, அப்ப துறவிங்க மாதிரி கையாலயே முடியப் பிடுங்கிப் பழகுறா, தீட்சை வாங்கி மாதாஜியா துறவு போகப்போறான்னு முடிவே கட்டிட்டேன். நம்ம ஜைன சனத்துல வேற என்ன தோணும் சொல்லு. மாதாஜிங்க வந்தா கால்ல விழுந்து கும்பிடுற நான், என் பொண்ணு போறான்னதும் தோட்டத்துப் பக்கம் போயி அழுதுக்கினு இருந்தேன். பொறுக்காம மாப்ளக்குப் போன் போட்டு, பொண்டாட்டிய விட்டுக் குடுத்துடாதீங்க மாப்ளன்னு கெஞ்சினேன். அந்த மனுஷன் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம, அத்தை, அவ சாமியாராவும் போவல, நோன்பும் இருக்கல, எடை குறைய ஆபரேஷன் பண்ணி இரைப்பையில முக்கால்வாசிய எடுத்துட்டாங்க, புரோட்டீன் சேராம முடி கொட்டுதுன்னு போட்டு உடைச்சிட்டாரு. மாமாதான் கூட இருந்தாருன்னும் சொன்னாரு.

உங்கப்பா! தீபாவளி கழிஞ்சதும் யாத்திரை போறேன்னு பையத் தூக்கிக்கினு போன மனுஷன். ஆபரேஷன் அறை வாசல்ல உக்காந்துக்கினு எனக்குப் போன் பண்ணி, இப்பதான் மலை ஏறி எறங்கினேன் மதனா, முட்டி கழண்டு போச்சின்னாரு. வந்தப்புறம் நான் தைலம் போட்டுத் தேச்சி விட்டேன்டி அந்த முட்டிக்கு! ஏன் மறைச்சீங்கன்னு கேட்டா, அம்மா கிண்டல் பண்ணும்னு ஸ்ருதி பயந்துதுன்றாரு. ஆமா, பண்ணியிருப்பேன். பண்ணிக்கினே உன் தலைமாட்டுல உக்காந்திருப்பேன். உன்னப் பெத்தவளுக்கு உன் வயித்துல கத்தி வெச்சது தெரியல. அதவிடக் கொடுமை, வாரத்துல ஒருநாள் வெறும் வெந்நியோட இருந்து பாருடின்னு நான் சொல்றேன், நீ அதுக்கும் உம் கொட்ற. அறுத்த வயித்துக்காரிக்குப் பட்டினி சொல்லிக்குடுக்க விட்டுட்டியேடி என்ன.

கௌசல்யாகிட்ட நானே போயி, நோன்பும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆபரேஷன், பொன்னாடைய உள்ள வைன்னுட்டேன். அப்ப கரும்புச் சாற என்ன பண்றதுன்னு கேட்டா. நீயே குடின்னேன். பொம்பளைங்க எல்லாம் ஒருத்தி முகத்த ஒருத்தி பாத்துக்கினாங்க. வாசல்வரைக்கும் கூடவே வந்த கௌசல்யா, மெதுவா, எந்த டாக்டர்னு கேளேன்மான்றா. உடம்பு அவளுக்கும் இருக்குது இல்ல.

அங்கேருந்து நேரா நம்ம கலைவாணி டாக்டர்கிட்ட போனேன். முடி கொட்டறது இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நெறைய பேருக்கு வர்றதுதான், சாப்பாடு சரியா போனா சில மாசத்துல பெரும்பாலும் திரும்ப வளரும், ஆனா புரோட்டீன் கொறைஞ்சா முடி மட்டுமில்ல, உடம்புல சதையும் கரையும்னாங்க. எண்ணெய் வேலைக்காவாதாம். அன்னிக்கு உன் சடையப் பாத்துட்டு நான் காய்ச்சி அனுப்பின கரிசாலை எண்ணெயப் போட்டதும் நின்னுடுச்சிம்மான்னியே, வாய்க்கு வந்தபடி. முட்டைன்னு ஆரம்பிச்சாங்க, நம்ம வீட்டுல ஆகாதுன்னேன், அப்ப பன்னீர், பருப்பு, சோயா, அத முதல்ல சாப்பிட்டுட்டுதான் சோத்துல கை வெக்கணும், சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாது, குடுத்த மாத்திரைய விடக்கூடாது, ரத்தம் பாக்கணும்னாங்க. புரோட்டீன் பவுடர் வாடை ஆகலன்னா டாக்டர்கிட்ட வேற கேளு, குடிச்சிட்டேன்னு சொல்லி சிங்க்ல ஊத்தாத, மாப்ள அதையும் சொல்லிட்டாரு.

மாப்ள இன்னொண்ணும் சொன்னாரு. ஆபீஸ் விட்டு வர்றப்ப இருட்டிடுது, பொழுது சாஞ்சப்புறம் சாப்பிடக்கூடாதுன்னு அப்படியே படுத்துடுறியாம். என்கிட்ட வாய் கூசாம பொய் சொல்ற, அம்மா சொன்னதுல அந்த ஒண்ண மட்டும் விடாம பிடிச்சிக்கினு இருக்குற, உன்ன என்னடி பண்றது. பழக்கினவ நானே சொல்றேன், உடம்பு தேர்ற வரைக்கும் விளக்கு வெச்சப்புறமும் சாப்பிடு. பாவம் வந்தா எனக்கு வரட்டும்.

இதப் படிச்சிட்டு அம்மாவுக்குக் கோவம் போயிடுச்சின்னு நெனைக்காத. போவல. சாப்பிட்டியான்னு இனிமே நான் போன் பண்ணிக் கேக்கப் போறதில்ல, கேட்டா நீ சொல்றத நம்பணும், அது இப்ப எனக்கு வரல. நீயே பண்ணு. என்ன தின்ன, எவ்ளோ முடி போச்சி, எங்க வலிக்குதுன்னு உள்ளத உள்ளபடி சொல்லு. லீவ் போட்டாச்சி இல்ல, அட்சய திருதியைக்கு வந்துடு, துப்பட்டா இல்லாம வா. நீயும் மாப்ளயும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு
உன் அம்மா
மதனவதி

இத எழுதி மடிச்சதும் உங்கப்பா வந்து, குடு, நான் போஸ்ட் பண்ணிடறேன்னு கைய நீட்டினாரு. குடுக்கல. நானே நடந்து போயி போடுறேன்.