நம்ம வாசலைப் பார்க்கிற தெரு

செவ்வாய், வீடு

அன்புள்ள உங்களுக்கு,

பாப்பாவும் நானும் நல்லா இருக்கோம். ஃபோன் செத்துக் கிடக்கு. அதான் அணைக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவர்ற ஜீப் டிரைவர் அண்ணன்கிட்ட இதைக் கொடுத்துவிடறேன்.

மழை விட்டபாடில்லை. அணை விரிசல் விட்டுடுச்சுன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. "ஆபத்துன்னா அணை ஷட்டரைத் திறக்கிறவர் வீட்ல முதல்ல கிளம்பியிருக்க மாட்டாங்களா?"ன்னு தெருவே நம்ம வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கு. துணி மடிச்சாக்கூட பெட்டி கட்டுறேனான்னு எட்டிப் பார்க்கிறாங்க. என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க.

உங்க,
பாப்பா அம்மா

புதன், அணை

பாப்பா அம்மாவுக்கு,

விரிசல் இல்லை. ஆனா தண்ணி விளிம்புக்கு வந்துடுச்சு. ஷட்டரைத் திறக்கலைன்னா அணையே போயிடும். திறந்தா நம்ம தெரு முழுகும். "நாங்க அறிவிக்கிறவரைக்கும் மூச்சு விடாதே. ஜனங்க மிரண்டா பாலத்துல நசுங்கிச் சாவாங்க"ங்கிறார் பெரிய என்ஜினியர். யாருக்கும் சொல்லாம பாப்பாவைத் தூக்கிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடு. கோவிச்சுக்காதே.

பாப்பா அப்பா

வியாழன், மேட்டுப் பள்ளிக்கூடம்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்க சொன்னபடி செய்யலை. சொல்லாமப் போகக் கால் வரலை. கதவு கதவாத் தட்டிச் சொல்லிட்டேன். "ஓடாதீங்க, நடக்க முடியாதவங்க முதல்ல!"ன்னு எதிர்வீட்டு டெய்லர் அக்கா தொண்டை கிழியக் கத்தினாங்க. அப்படியும் பாலத்துல பின்னாலிருந்து நெருக்கித் தள்ளிட்டாங்க. பாப்பா என் கழுத்தை விடவே இல்லை.

நம்ம தெரு முழுக்க வந்து சேர்ந்தாச்சு. சாயங்காலம் தண்ணி வந்துச்சு. ஆத்தோரத் தெருவுக்குச் சொல்லணும்னு எங்க யாருக்குமே தோணலைங்க.

உங்க,
பாப்பா அம்மா

சனி, பள்ளிக்கூடம்

அன்புள்ள உங்களுக்கு,

ஆத்தோரத் தெருவுல மிஞ்சினவங்க வந்துட்டாங்க. "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டாங்க. நம்ம தெருக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, அப்புறம் என்னைக் கை காட்டினாங்க. "ஷட்டரைத் திறந்தது இவ வீட்டுக்காரர்தான்." டெய்லர் அக்கா என் பக்கத்துல விரிச்சிருந்த பாயைச் சுருட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க.

காலையில அணை ஜீப்னு கண்ணாடியை உடைச்சுட்டாங்க. டிரைவர் அண்ணன் நெத்தியில ரத்தம். இனி வரமாட்டேன், இந்த ஒரு லெட்டரை மட்டும் கொடுங்கன்னு நிக்கிறார்.

அப்பா எப்ப வரும்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்க இறங்கி வர்றதா யாரோ சொல்லிட்டாங்க போல. எல்லாரும் பள்ளிக்கூட வாசல்ல போய் நிக்கிறாங்க. கையில என்ன வச்சிருக்காங்கன்னு பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முன்வரிசையில நிக்கிறது நம்ம தெருக்காரங்கதாங்க.

வராதீங்க.

பாப்பா அம்மா