படகு வரிசையில் ஒரு கரண்டு வண்டி

அன்புள்ள மகன் டில்லிபாபுவுக்கு, நெட்டுக்குப்பத்திலிருந்து அம்மா வரலட்சுமி எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் அம்மன் காவலில் சுகம், அப்பாவின் வலது முட்டி மட்டும் தனிக் கதை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்வது நான், எழுதுவது உன் தங்கை குழலி. நான் பேசுகிறபடியே எழுதுடி என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், கடிதம் என்றால் புத்தகத் தமிழில்தான் இருக்க வேண்டுமாம், ப்ளஸ் ஒன் போனதிலிருந்து இப்படித்தான், நீ படிக்கும்போது என் குரலைப் போட்டுப் படித்துக்கொள். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நீ போன் செய்யும் போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு "வண்டி சூப்பரா கீதுனு சொல்லு" என்று என்னை முழங்கையால் இடிக்கிறார், அப்புறம் நான் எப்படி உண்மையைச் சொல்வது. குழலி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், மாட்டுப் பண்ணையில் சிக்னல் வரும்போது பார். ஆடி மாதத்தில் உங்கள் நியூசிலாந்தில் கடும் குளிர் என்று பூகோளப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள், காதை மூடிக்கொள்.

இந்தக் கரண்டு பைக் எதற்காக வந்தது என்று உனக்குத் தெரியும். முகத்துவாரம் தூர்ந்துபோனதிலிருந்து படகைத் தள்ளித்தான் நிறுத்துகிறார்கள், அங்கிருந்து ஏலம் போடும் இடம் வரைக்கும் மணலில் கூடை சுமக்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் கூடையையும் மற்றவர்களே மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளைக்குத் தூக்குவார்கள். ஒரு நாள் மண்ணாங்கட்டி மாமா, படகு அவருடையதுதானே, கரையில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். "ராசையா, கடல்ல நீ சிங்கம், கரைல நொண்டி ஆடு. ஆடித் திருவிழா முடிஞ்சி கடலுக்குப் போற மொத நாள் பாட்டுல உன் கூடைய நீயே கொண்டாந்து ஏலத்துல எறக்கு, தலைல தூக்குவியோ வண்டில தூக்குவியோ அது உன் சமாச்சாரம். இல்லாங்காட்டி உன் எடத்துக்கு வேற ஆளு பாத்துக்கறேன், கோச்சிக்காதே" என்றார். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போகாத மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், வேறு வேலை தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது. அதை உன்னிடம் சொன்னதற்குத்தான் நீ பணத்தைக் கட்டி வண்டியை அனுப்பினாய், எங்கள் பண்ணையில் இதே மாதிரி வண்டியில்தான் மாடு ஓட்டுகிறோம், சத்தமே வராது, மணல் சேறு எதிலும் போகும் என்று.

பெட்டியைப் பிரித்த அன்று தெருவே வந்து நின்றது. பக்கத்து வீட்டு சினேகா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, பைக்குக்கு டைபாய்டு வந்து எளச்ச மாதிரி கீது" என்றாள். ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, நம்பர் பலகை மாட்டுவதற்கு ஓட்டைகூட இல்லை. கூட வந்த புத்தகத்தை அப்பா தூக்கிப் போட்டுவிட்டார், குழலி எடுத்து அட்டை முதல் அட்டை வரை படித்துப் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். சாலையில் ஓட்டக் கூடாது, தண்ணீரில் இறக்கக் கூடாது, உப்புக் காற்று படாத இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, அப்பா ஒரு பக்கம் கடலைப் பார்த்தார், ஒரு பக்கம் கழிமுகத்தைப் பார்த்தார், "அப்போ ஆகாசத்துலதான் நிறுத்தணும்" என்றார்.

நம் தெருவுக்கும் மணலுக்கும் நடுவில் சாலை இருப்பதை நீயும் மறந்துவிட்டாய், நாங்களும் மறந்துவிட்டோம். முதல் நாளே போலீஸ்காரர் மடக்கினார். நம்பர் எங்கே என்றார், ஹாரன் எங்கே என்றார், லைட் எங்கே என்றார், அப்பா எல்லாவற்றுக்கும் "பிரேக் நல்லா கீது சார்" என்று ஒரே பதிலைச் சொன்னார். போலீஸ்காரர் நல்ல மனிதர், யோசித்துப் பார்த்துவிட்டு, "ஏறி ஒக்காந்தா வண்டி, தள்ளிகினு போனா லக்கேஜு, லக்கேஜா எட்த்துகினு போ" என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து சாலை முழுக்க அப்பா நொண்டிக்கொண்டே தள்ளுவார், மணல் வந்ததும் ஏறிக்கொள்வார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் அஃப்ரித் தம்பி இப்போது இந்த வண்டியைத் தூக்கித் தன் வண்டியில் படுக்க வைத்து மணல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறான். நடக்க முடியாத மனிதருக்கு ஒரு வண்டி, அந்த வண்டிக்கு ஒரு வண்டி. சார்ஜ் போடுவதும் அப்படித்தான். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வர வேண்டும், அதைச் செருகினால் மின்விசிறி எண்ணி எண்ணிச் சுற்றுகிறது. வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி நம் வாசலிலிருந்தே தெரிகிறது, சாம்பல் நம் கொடித் துணிமேல் விழுகிறது, கரண்டு மட்டும் வேறு யார் வீட்டுக்கோ போகிறது.

குறை மட்டும் சொன்னால் பாவம். அலை வந்துபோன ஈர மணலில் அந்த வண்டி போவதைப் பார்க்க வேண்டும், அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் கூடை கட்டி, படகில் போன எல்லாருடைய மீனையும் அப்பா இரண்டே நடையில் கொண்டுவந்து சேர்த்தார். தண்ணீர்க் குடம், தார்ப்பாய், ரேஷன் அரிசி எல்லாம் அதில்தான் வந்தது. மண்ணாங்கட்டி மாமாவின் சம்சாரம்கூட ஒரு தடவை ஏறினார்கள், கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே போனவர்கள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் கண்ணைத் திறந்தார்கள். காய்ந்த மணலில்தான் கஷ்டம், சக்கரம் புதைந்துவிடும், அப்பா இறங்கி அதே முட்டியை ஊன்றித் தள்ள வேண்டும். படகை இழுக்கிறது பார் என்று ஒரு நாள் கயிறு கட்டினார், படகு அசையவில்லை, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டிக் குழியில் ஊற்றுத் தண்ணீரே வந்துவிட்டது. சத்தம் வராதது உங்கள் மாடுகளுக்குச் சரி, நம் ஜனங்களுக்குச் சரிப்படவில்லை. நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த சினேகாவுக்குப் பின்னால் போய் நிறுத்தி அப்பா செருமியிருக்கிறார், அவள் போட்ட கூச்சலில் நெத்திலி பாதி காக்கைக்குப் போனது. "ஏன்ணா, பேய்கூட கொலுசு போட்டுகினு வருது, நீ சொல்லாம கொள்ளாம வர்றியே" என்று கத்தினாளாம். இப்போது வண்டி போகும்போது அப்பாவே வாயால் ஓரம் ஓரம் என்று கூவிக்கொண்டு போகிறார். நாய்கள்தான் பாவம், எந்த வண்டியைத் துரத்துவது எதை விடுவது என்று தெரியாமல் சந்தேகமாகப் பார்க்கின்றன.

இனிமேல்தான் விஷயமே. புது வண்டிக்குப் பூசை போடாமல் எப்படி. பூசாரி வந்தார், நம்பர் பலகையில்தான் சந்தனம் வைப்பது வழக்கம், இதில் எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றித் தேடினார். கடைசியில், ரோட்டில் போகாத வண்டி ரோட்டு வண்டி ஆகாது, கரையில் இருப்பதற்குக் கரை வழக்கம்தான் என்று படகுக்குச் செய்கிற பூசையைச் செய்துவிட்டார். முன்னால் இரண்டு பக்கமும் கண் எழுதி, வேப்பிலை கட்டி, கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தை அலையில் நனைத்தார்கள். குழலி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்குக் குஷி வந்துவிட்டது. வண்டியைக் கொண்டுபோய்ப் படகு வரிசையில், மண்ணாங்கட்டி மாமாவின் படகுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். மீன் பங்கு பிரிக்கும்போது, "வலைக்குப் பங்கு கீது, இஞ்சினுக்குப் பங்கு கீது, இதுக்கு மட்டும் இன்னா கொறச்சல் மாமு" என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே வண்டிப் பங்கு என்று ஒரு கை காரப்பொடி மீனை அள்ளிப் போட்டார். அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆடி வந்தது, அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்பு அவிழ்க்கும் வரை யாரும் படகை எடுக்கக் கூடாது, அது உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் பொம்பளைகள் கழிமுகத்தில் கையால் எறால் தடவிக்கொண்டிருந்தார்கள், அதற்குத் தடையில்லை, அதை ஏற்றிவரலாம் என்று அப்பா வண்டிமேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தாரோ இல்லையோ, "டேய் ராசையா, காப்பு கட்டிகீது, போட்டு எடுக்கற" என்று நாலு பக்கமும் சத்தம், வண்டியைப் படகு என்கிறார்கள். கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது. ஊர்த் தலைவர் என்பதால் நாட்டார்தான் விசாரித்தார். கண் எழுதினார்களா என்றார், எழுதினார்கள். அலை காட்டினார்களா, காட்டினார்கள். பங்கு வாங்கினாயா என்றார், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "காரப்பொடிதான் நாட்டாரே" என்றார். "காரப்பொடியா இருந்தா இன்னா, வஞ்சிரமா இருந்தா இன்னா, பங்கு பங்குதானே, அப்போ அது போட்டுதான்" என்றார் நாட்டார். அதற்குச் சக்கரம் இருக்கிறதே என்று அப்பா கேட்டதற்கு, "துடுப்பு இல்லாத போட்டு கீதுல்ல, அது மாதிரி இது தண்ணிக்குப் போவாத போட்டு" என்று சொல்லிவிட்டார். குழலிக்குப் பொறுக்கவில்லை, புத்தகத்தைப் பிரித்து இது வாகனம்தான் என்று படித்துக் காட்டினாள். நாட்டார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா படிக்கிற பாப்பா. அந்த புக்கு எழுதுனவன் நம்ம அம்மனுக்கு காப்பு கட்டினானா" என்றார். அதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள்.

தீர்ப்பு அதோடு முடியவில்லை. காப்பில் இருக்கும் படகுக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் பகலெல்லாம் காவல் இருக்க வேண்டும், வேறு வேலைக்குப் போகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதுவும் வழக்கம். மற்றவர்கள் எல்லாம் சீட்டு விளையாடிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள், அப்பாவுக்கு மட்டும் ஜெயிலில் போட்ட மாதிரி இருந்தது. திருவிழா முடிந்து முதல் பாட்டுக்குள் காய்ந்த மணலில் ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று அவருக்குக் கணக்கு, அது போய்விட்டது, தன் இடமும் போய்விடும் என்று புலம்பிக்கொண்டே தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து வண்டி சீட்டின்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். மூன்று வேளையும் நான் அங்கேயே சாப்பாடு கொண்டுபோனேன், எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் நினைவிருக்கிறதா, காலை உயரமாக வைத்து அசையாமல் இரு என்று, அவரும் சொன்னார் நானும் சொன்னேன் நீயும் போனில் சொன்னாய், யார் சொல்லியும் ஒரு நாள் உட்காராத மனிதர். காப்பு அவிழ்க்கிற சமயத்தில் எண்ணெய் தேய்க்கும்போது என் விரலுக்கு முட்டியின் எலும்பு தட்டுப்பட்டது. வீக்கம் வடிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, கண் படும்.

முதல் பாட்டுக்குப் படகு போய்த் திரும்பி வந்தது. அப்பா கூடையை நிரப்பி, வீட்டிலிருந்து சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோன பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினார். ஒன்றுமில்லை. இத்தனை நாள் உப்புக் காற்றில் நின்றதில் ஸ்விட்ச் பச்சைக் களிம்பு பிடித்துப்போயிருந்தது. புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்று குழலி சொன்னாள், அவளை நான் பார்த்த பார்வையில் பக்கத்தை மூடிவிட்டாள். மண்ணாங்கட்டி மாமா வலையைப் பார்க்கிற மாதிரி நின்றார். அப்பா வண்டியை ஒரு தரம் பார்த்தார், துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்தார், கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பக்கத்திலேயே போனேன், கை கொடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை நின்றார், தூரத்துக் கப்பலைப் பார்க்கிறாராம், அங்கே கப்பலே இல்லை. பிறகு மறுபடி நடந்து ஏலத்தில் கொண்டுபோய் இறக்கினார். மாமா பின்னாலேயே வந்தவர், "நாளைக்கு லேட்டா வந்தே, வுட்டுட்டுப் போயிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார்.

ஆகவே நீ அனுப்பிய வண்டியால்தான் படகில் அப்பாவின் இடம் நின்றது, வண்டி நின்றதால்தான் நின்றது, எப்படி எழுதினாலும் குழலிக்கு அந்த வாக்கியம் சரியாக வரவில்லை என்கிறாள். நீ அந்த ஸ்விட்சை சீக்கிரம் அனுப்பு கண்ணு, தினமும் தலையில் சுமந்தால் முட்டி மறுபடி வீங்கும், இரண்டு ஸ்விட்சாக அனுப்பு. தண்ணீரில் கை வைத்துக்கொண்டு மாடு கறக்காதே, கையுறை போட்டுக்கொள். கிடைக்கிறதைச் சாப்பிடு, ஆனால் வயிறு நிறையச் சாப்பிடு. அம்மன் உன்னைப் பார்த்துக்கொள்வாள், நீ போகிற வழி எல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கட்டும், நூறு வயது இரு. ஸ்விட்ச் வந்து சேரும்வரை ஏலத்துக்குப் போகும் வழியில் அப்பா கூடையிலிருந்து பாதி மீனை என் கூடைக்கு மாற்றிக்கொள்கிறேன். அவர் பார்க்காத மாதிரி கடலைப் பார்க்கிறார், மண்ணாங்கட்டி மாமாவும் அதே நேரத்தில் கடலைத்தான் பார்க்கிறார். போனில் இதைக் கேட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
வரலட்சுமி ராசையா
(கையெழுத்து அம்மாவுடையது, மற்றதெல்லாம் கார்குழலி)