படுத்துக் கிடப்பதும் விழுந்து கிடப்பதும்

இன்று காலை, மெட்ராஸ் வண்டியில் வந்த கூட்டம் கோயிலை நோக்கிப் போன பிறகு, இராமேஸ்வரம் நடைமேடையில், வலிக்குத் தடவும் விண்டர்கிரீன் தைலத்தின் வாடை அடித்தது. தண்ணீர்க் குழாய்க்கு அருகில் வடநாட்டு முதியவர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் மூடாத தைலப் புட்டி இருந்தது. உடன் வந்தவர் யாரும் கண்ணில் படவில்லை. நடைமேடையில் யாரும் படுக்கலாகாது என்பது விதி. எழுப்பி அனுப்ப வேண்டியது ஸ்டேஷன் மாஸ்டராகிய என் பொறுப்பு. ஆனால் அந்த வாடை என்னை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது. உங்கள் தோளிலும் முழங்காலிலும் எந்நேரமும் இருந்த வாடை அது.

நாம் சந்தித்ததும் இப்படித்தான். நாடு விடுதலை பெற்ற புதிது. நான் பாம்பனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். இலங்கைக்குப் போகும் போட் மெயிலுக்காக நடைமேடையின் பாதியை அடைத்துக்கொண்டு நீங்கள் படுத்திருந்தீர்கள். நான் விதியைச் சொன்னேன். நீங்கள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"விழுந்து கெடந்தாத் தூக்கி விடணும் மாஸ்டரே. நான் படுத்துல்ல கெடக்கேன். ரெண்டும் வேற."

"என் விதிப் புத்தகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை" என்றேன்.

"அப்ப அதை எழுதுனவரு விழுந்ததே இல்ல போல" என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் போர்ட்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அய்யா, அது கொம்பன் சுறா. வம்பு வேணாம்" என்று நடுங்கினான்.

கொம்பன் சுறா. மதுரையிலிருந்து கொழும்பு வரை குஸ்தி நோட்டீஸ்களில் பல்லை இளித்துக்கொண்டிருந்த அந்த வில்லன் தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பிள்ளை என்பதையும், படகில் ஏறினால் வாந்தி எடுப்பதால்தான் தகப்பனார் உங்களைக் கரையிலேயே விட்டுப் போனார் என்பதையும் பிற்பாடு அறிந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். "சிரிங்க மாஸ்டரே. கப்பல்ல தலைமன்னார் போய் இறங்குறதுக்குள்ள சுறா படுற பாடு சுறாவுக்குத்தான் தெரியும்" என்றீர்கள்.

அதன் பின் ஒவ்வொரு பயணத்தின்போதும் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் நமக்கு உரியதாயிற்று. சண்டையின் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்று நீங்கள் இயல்பாகச் சொன்ன நாளில் மட்டும் நான் கோபப்பட்டேன். முடிவு தெரிந்த போட்டிக்குப் போட்டி என்று பெயர் வைப்பது மோசடி என்றேன். நீங்கள் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "உங்க ரயிலு எங்கன போய் நிக்கும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். அதுக்காக யாரும் ஏறாம இருக்காகளா?" நான் கொடியை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனேன்.

எதிராளியின் விரல்களை மிதிப்பதும் கண்ணில் மண் தூவுவதும் எந்த வில்லனும் செய்யக்கூடியவை. உங்களைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது வேறொன்று. அடிபட்டவரைப் போல் நீங்கள் விழுவீர்கள், அசையாமல் கிடப்பீர்கள். எதிராளி மனம் இரங்கி அருகே வந்து குனிவார். உடனே அவர் காலை வாரிக் கீழே தள்ளுவீர்கள். நாளடைவில் ஜனங்களுக்கு இது பழகிப்போயிற்று. நீங்கள் விழுந்ததும் கொட்டகை முழுவதும் ஒரே குரலில், "கிட்டப் போகாத" என்று எழும். அந்தக் கூச்சலுக்காகவே கமுதியிலிருந்தும் நயினார்கோவிலிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

எப்படி அவ்வளவு நேரம் பிணம்போலக் கிடக்க முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன். ரகசியத்தை எனக்கு மட்டும் சொன்னீர்கள். "கையைப் பாருங்க. வேசம் போட்டுக் கெடக்கையில கை லேசா மூடித்தான் இருக்கும், அடுத்த பிடி பிடிக்கணும்ல. சுண்டு விரலை அசைச்சா எதிராளி கிட்ட வரலாம்னு அர்த்தம். நெசமா விழுந்தவனுக்குக் கை விரிஞ்சிரும்."

அதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீங்கள்.

இராமநாதபுரத்தில் தகரம் அடைத்துக் கொட்டகை போட்டிருந்தார்கள். சொந்தச் சீமையின் தலைநகரில் உங்கள் முதல் சண்டை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். எதிராளி மதுரைக்காரர், இளைஞர், ஜனங்களின் செல்லப்பிள்ளை. மாலையில் பெய்த தூறலில் மேடையில் விரித்திருந்த படுதா நனைந்திருந்தது. அவர் உங்களைத் தோளுக்கு மேல் தூக்கியபோது படுதா நழுவி அவர் கால் வழுக்கியது. எத்தனையோ விதமாக விழத் தெரிந்த நீங்கள் அன்று கழுத்து மடங்கி விழுந்தீர்கள்.

"கிட்டப் போகாத" என்று கொட்டகை முழங்கியது.

நான் உங்கள் கையைப் பார்த்தேன். அது விரிந்து கிடந்தது.

எழுந்து கத்தினேன். அது வேஷம் இல்லை, நிஜமாகவே அடிபட்டுவிட்டது, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். பக்கத்திலிருந்த கமுதி மிளகாய் வியாபாரி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்கய்யா, மறைக்குதுல்ல. போன வருசம் பரமக்குடியில இதைவிட நேரம் கெடந்தான். கிட்டப் போன பையனை என்ன பாடு படுத்துனான் தெரியுமா?" பின்னாலிருந்து ஒருவர், "படிச்ச மனுசன், பாவம், ஏமாந்துட்டாரு" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். வரிசையைத் தாண்டி மேடையை நோக்கி ஓடினேன். கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்த போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். நான் ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொன்னேன். "அப்ப ஸ்டேசனைப் பாருங்க சார்" என்றார், அதுவும் மரியாதையாகவே.

அந்த இளைஞர் உங்களிடமிருந்து சற்று விலகிக் குனிந்து, உங்கள் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசி வைத்தபடியே அவர் நடந்தார். நடுவரும் அப்படியே. அன்று எவரும் எந்த விதியையும் மீறவில்லை. வாழ்நாள் முழுவதும் விதியை நம்பிய நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் அசையவில்லை என்பது அவருக்கு உறைக்கும் வரை கூச்சலும் கைதட்டலும் நிற்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் என்னிடம் கேட்டது, "கூட்டம் கை தட்டுச்சா?" என்பது. தட்டினார்கள் என்றேன். "நம்ம சனம்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். கழுத்துக்குக் கீழே உடம்பில் உணர்வு இனித் திரும்பாது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். அதை உங்களுக்கு எடுத்துச் சொல்லும் சொற்களை அன்று முழுவதும் தேடினேன்.

தங்கச்சிமடத்தில் உங்கள் தங்கை வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தீர்கள். ஞாயிறுதோறும் நான் வருவேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "என்னைக்காச்சும் படக்குனு எந்திரிப்பான் பாரு" என்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். உங்களுக்கு அது கேட்கும், சிரிப்பீர்கள். உங்கள் தங்கைக்குத்தான் தாங்காது. ஒருநாள் கொல்லைப்புறத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்: "மாஸ்டரய்யா, நீங்க சொன்னா அண்ணன் கேக்கும். வேசம் போட்டதெல்லாம் போதும், எந்திரின்னு சொல்லுங்களேன்." அந்தப் பெண்ணும் உள்ளூர அதையே நம்பிக்கொண்டிருந்தார். நான் கையில் குடையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மதுரைக்காரரும் ஒருமுறை வந்தார். நிலைப்படியைத் தாண்டவில்லை, தலையைத் தூக்கவுமில்லை. நீங்களே பேசினீர்கள்.

"ஏலே, விரலு அசையும்னு நீ காத்துக்கிட்டு நின்ன. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டுக் கெடந்தேன். இதுல உன் தப்பு என்ன?"

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். "உள்ள வாலே. இப்பக் கிட்ட வரலாம்" என்றீர்கள். வந்து உங்கள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் வைத்திருந்தார். உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் மார்புச் சளி முற்றி இறந்துபோனீர்கள். மாதா கோயிலில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. ஆனாலும் பெட்டியைச் சுற்றி ஓர் இடைவெளி விட்டே எல்லோரும் நின்றார்கள். கடைசி வரிசையில் யாரோ ஒருவர், பழக்கத்தில்தான், "கிட்டப் போகாத" என்று முணுமுணுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளிக்கும் வரை எல்லோரும் காத்து நின்றோம். ஜெபமாலை சுற்றியிருந்த உங்கள் கைகளை நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆண்டுகள் சில கடந்துவிட்டன. எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. உங்களை எண்ணாத நாள் உண்டு. ஆனால் இந்த ஊர் நடைமேடையில் யாத்திரிகர் படுக்காத நாள் கிடையாது. முன்பெல்லாம் போர்ட்டரை அனுப்பி எழுப்பச் சொல்வேன். இப்போது அது என்னால் ஆவதில்லை. படுத்துக் கிடக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரிவதில்லை. நீங்கள் கற்றுக் கொடுத்தும் தெரிவதில்லை. ஆகவே நானே போகிறேன். பலர் திட்டியிருக்கிறார்கள். ஒரு சாமியார் கமண்டலத்தை ஓங்கினார். பெட்டி திருட வந்தவன் என்றுகூட ஓர் அம்மாள் கூச்சலிட்டார்.

இன்று காலையும் குழாயடியில் என் கால்கள் சற்று நேரம் தயங்கின. பெரியவரின் ஒரு கை துண்டுக்கு அடியில் மறைந்திருந்தது. காதுக்குள் அந்தக் கொட்டகையின் குரல் இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிட்டப் போய்க் குனிந்து, துண்டை மெல்ல விலக்கினேன்.

கை மூடித்தான் இருந்தது. துண்டை மறுபடி போர்த்திவிட்டு, எழுப்பாமல் வந்துவிட்டேன்.