அவன் சிரித்த படம்

பிரியமான அத்தான்,

ஜேசன் தூங்கிவிட்டான். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

இன்று தம்பி எங்களைத் தாம்பரத்தில் படத்துக்கு அழைத்துப் போனான். நாலு சூப்பர் ஹீரோக்கள் ஒன்றுசேர்ந்து ஊரைக் காப்பாற்றுவதற்குள், யார் தலைவன் என்று அடித்துக்கொள்கிற சிரிப்புப் படம். பாலம் வெடித்தபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. நம் பிள்ளை குனிந்து பாப்கார்ன் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம்கூட பயமில்ல பாரு. இவன்தான் அஞ்சாவது ஹீரோ" என்றான் தம்பி.

மூன்று வயதாகியும் பேசவில்லையே என்றால், "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம், விடு" என்பீர்கள். நானும் விட்டேன். குடும்ப ஜெபத்தில் நாம் ஆமென் சொல்லிக் கண் திறக்கும்போது, அவனும் கூப்பிய கையைச் சரியாக எடுத்துவிடுவான். காது கேட்காமலா என்று நினைத்தோம். கண்ணை மூடியிருந்த நமக்கு, அவன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படித் தெரியும்?

படத்தில் நான் சிரித்தபோதெல்லாம் அவனும் சிரித்தான். ஓர் இடத்தில் நான் வேண்டுமென்றே சிரிக்காமல் இருந்தேன். தியேட்டரே அதிர்ந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.

வியாழக்கிழமை காது டாக்டரிடம் காட்டப்போகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முடிந்தால் லீவு கேட்டு வந்துவிடுங்கள்.

அவன் அப்படிக் காத்திருந்ததைப் பார்த்த பிறகு, படம் முடியும்வரை எல்லாவற்றுக்கும் சிரித்தேன், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் அம்மா