பரணில் காய்ந்த தபால்தலை

நவம்பர் 11, செவ்வாய்

சாரல். எதிரே பலாமரம்கூடத் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் குண்டூர் நாட்டில் மூன்று நாள் தடுப்பூசி முகாம் முடிந்து திரும்பினேன். ஒரு கிடேரி உதைத்ததில் முழங்கால் வீக்கம். கால்நடை ஆய்வாளருக்கு வைத்தியம் பார்க்க இந்த மலையில் ஆளில்லை.

வாங்க: மெழுகுவத்தி, பிளேடு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் (சோளக்காடு கடைவீதியில் கிடைக்காது. சும்மா எழுதிவைக்கிறேன்).

அண்ணன் போன். நாகூர் வீட்டை விற்கிறானாம். "அடுத்த புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ். வந்து விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போ தம்பி. ஒன் பங்குக்குத்தான் அப்பா ஸ்டாம்பக் குடுத்துட்டாரே."

கொடுத்தார். வீடு பெரியவனுக்கு, அந்த அபூர்வ பிரெஞ்சு ஸ்டாம்பு சின்னவனுக்கு, இரண்டும் ஒரே மதிப்பு என்று படுக்கையில் கிடந்தபடி சொன்னார். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். வருகிறேன் என்றேன்.

12, புதன்

மேசைமேல் ஸ்டாம்பு ஆல்பம் இல்லை. வீட்டுக்காரப் பொன்னாயம்மாவிடம் ஓடினேன்.

"ஏனுங்க சார், பதறாதீங்க. நீங்க போன அன்னிக்கு ஓடு ஒழுகுச்சுங்க. பொஸ்தகமெல்லாம் பூஞ்சை. அதான் சாமை வெதையோட பரண்ல வெச்சுட்டேனுங்க. வெதைக்கு ஆகறது பொஸ்தகத்துக்கு ஆகாதுங்களா?"

அடுப்புக்கு நேர் மேலே பரண். அடுத்த விதைப்புக்கான மூட்டைகள் புகையில் கறுத்துத் தொங்க, நடுவில் என் பிரெஞ்சிந்திய ஆல்பம். மூன்று நாள் புகை. திட்ட வாயெடுத்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

பூஞ்சை போயிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும்.

13, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. லென்ஸோடு உட்கார்ந்தேன்.

சாதாரணத் தபால்தலைகள் எல்லாம் ஒரே சீராகத் தேத்தண்ணி நிறம். காரைக்கால் முத்திரை விழுந்த இரண்டு காசுத் தலையும் அப்படியே.

அப்பாவின் தலை: பிரம்மா படம், மேலே போர்க்காலத்தில் அடித்த "ஃபிரான்ஸ் லிப்ர்" (சுதந்திர பிரான்ஸ்) எழுத்து. இதில் போலிகள் ஈசல் மாதிரி. அதனால் எத்தனையோ முறை அந்த எழுத்தை அளந்திருக்கிறேன். எழுத்தின் கால், இடைவெளி, மை, எல்லாம் அசல். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் மற்ற இடத்தைப் பார்த்ததில்லை.

வலது மேல் மூலை மட்டும் வெளுப்பாக இருந்தது. புகை அங்கே வேறு மாதிரி ஏறியிருக்கிறது. இடுக்கியால் லேசாகத் தொட்டேன். கழன்று வந்துவிட்டது. அது வேறொரு தலையின் மூலை. பல்லுக்குப் பல் பொருத்தி ஒட்டியது.

ஒட்டிய விளிம்பில் நீலம். காரைக்காலில் அப்பாவுக்கு பைண்டிங் கடை. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார். அவர் நகக்கண்ணில் எப்போதும் அந்த நீலம் இருக்கும்.

சாப்பிடவில்லை.

14, வெள்ளி

மழை. மாடு ஒன்றும் வரவில்லை.

மருந்தகத்திலும் மயில்துத்தம் இருக்கிறது, குளம்புப் புண்ணுக்கு. கொஞ்சம் மைதா போதும். யாருக்கும் தெரியாது. டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.

மூலை போன தலையை எவனும் சீந்தமாட்டான். கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒன்றுமில்லை. போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் செத்த மனிதரைச் சந்தியில் நிறுத்தியதாகும். அண்ணனும் பாவம், அவனையும்தானே அப்பா ஏமாற்றியிருக்கிறார். கோபம் அப்பா மேல்தான். நல்ல கோபம்.

பொன்னாயம்மா தினைமாவு உருண்டை கொண்டுவந்தார். "பொஸ்தகம் கெட்டுப்போச்சுங்களா சாமி? ரெண்டு நாளா மொகமே செரியில்லீங்க."

"இல்லம்மா. நல்லா காஞ்சிருக்கு."

15, சனி

முழங்கால் வலி தேவலாம். லீவு லெட்டர் கொடுத்தாயிற்று. கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு. அடிவாரத்துக் காரவள்ளிவரை பஸ், அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

17, திங்கள்

மூடுபனி. சிக்னல் கிடைக்க ரோட்டு மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது.

பஸ் நேரம் சொல்லத்தான் அண்ணனைக் கூப்பிட்டேன். பேச்சுவாக்கில் ஆல்பத்தில் புகை பட்டதைச் சொன்னேன். "அப்பா ஸ்டாம்புல ஒரு மூலை கழண்டுடுச்சுண்ணே."

 

"வலது பக்கம், மேலதானே? அது ஒண்ணுமில்லடா, திருப்பி ஒட்டிக்கலாம். நீ புதன்கிழமை வந்துடு."

எந்த மூலை என்று நான் சொல்லவே இல்லை.

சரிண்ணே என்று வைத்துவிட்டேன். மருந்தகத்துக்குப் போய் லீவு லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை குண்டூர் நாட்டில் கோழிகளுக்கு ஊசி.