துரைக்குக் கட்டிய வயிற்றுக்கட்டு

இன்று மதியம் கிளினிக்கில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். நல்லெண்ணெயில் வதங்கிய பூண்டுக் குழம்பு வாசம். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கையில் ஊசியோடு தனியாகச் சிரிக்கும் மாட்டு டாக்டரை நாமக்கல் சனம் என்னவென்று நினைக்கும்? எல்லாம் உன்னால்தான்டி.

துரை நினைவுக்கு வந்தான். கன்றுக்குட்டி உயரத்துக்கு நீ வளர்த்த கிரேட் டேன் நாய். அவன் கூடப்பிறந்தவன் ஒருநாள் வயிறு உப்பி, உள்ளே இரைப்பை முறுக்கிக்கொண்டு, என்னிடம் வந்து சேருமுன்பே போய்விட்டான். பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையையே அதட்டி ஓட்டுகிறவள் நீ. அன்று என் கிளினிக் படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுத அதே அழுகையை அழுதாய். "இவனையாச்சும் காப்பாத்திக் குடு புள்ள" என்றாய்.

அந்த வியாதி வருவதற்கு முன்பே செய்துவிடும் அறுவை ஒன்று இருக்கிறது என்றேன். கேமரா வைத்த லேப்ராஸ்கோபிக் குழாயை விட்டுப் பார்த்து, விலாவுக்குப் பின்னால் சின்னதாகக் கீறி, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவது. "அப்புறம் அது நகராது" என்றேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

அறுவை முடிந்த சில நாளில் உன் போன். "காயத்து மேல எலுமிச்சங்காயாட்டம் வீங்கியிருக்குது. உடனே வா."

ஓடி வந்தேன். துரை மெத்தையில் ராசா மாதிரி படுத்திருந்தான். வயிற்றைச் சுற்றிப் பழைய வேட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு. பக்கத்துத் தட்டில் பூண்டுக் குழம்புச் சோறு.

"என்னடி கூத்து இது?"

"புள்ள பெத்தவளுக்கு வயித்தக் கட்டோணுமா வேண்டாமா? கட்டாம உட்டா வயிறு நகந்துக்கும். நகரக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"அவன் ஆம்பளைடி!"

"வயித்துக்கு ஆம்பள பொம்பள தெரியுமாக்கும். நீங்க படுங்க சாமி, அவ கெடக்கறா" என்று அவனைத் தடவினாய். நாய்க்கு 'ங்க', எனக்கு 'அவ'.

சிரித்துக்கொண்டேதான் கட்டை அவிழ்த்தேன். அவிழ்த்ததும் சிரிப்பு நின்றது. வேட்டிக்குள் வேர்த்து, ஈரம் கோத்து, தோல் சிவந்து கிடந்தது. ஒரு தையல் விட்டுச் சீழ் கசிந்தது. அது தோலோடு நின்றிருந்தால் பிழைத்தோம். உள்ளே இரைப்பையைத் தைத்த இடம்வரை போயிருந்தால் துரை நமக்கில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "நானே கொன்னுட்டனா?" என்று மட்டும் கேட்டாய்.

காரில் நாமக்கல்லுக்குக் கொண்டுவந்து, மயக்க மருந்து கொடுத்து, காயத்தைத் திறந்து பார்த்தேன். சீழ் தோலுக்கடியிலேயே நின்றிருந்தது. உள்தையல் கல்லு மாதிரி இருந்தது. கழுவித் தைத்துவிட்டு, கதவைத் திறந்து சொன்னதும் என்னைத் தூக்கிச் சுற்றினாயே, என் செருப்பு ஒன்று பறந்தது!

காயம் ஆறியதும் தறியோட்டும் ஆட்கள் அத்தனை பேருக்கும் அரிசிம்பருப்புச் சோறு போட்டாய். "என்ன விருந்துங்கக்கா?" என்று கேட்டவரிடம், "கட்டு அவுத்த விசேசமுங்க" என்றாய். துரைக்கு மட்டும் என் உத்தரவுப்படி வெறும் சோறும் கோழிக்கறியும்.

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. மாரடைப்பு என்றார்கள். எதிலும் உனக்கு அவசரம்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த அறுவை முடிந்தாலும், புண்ணை நக்கவிடாதீர்கள், குதிக்கவிடாதீர்கள் என்று சொல்வதற்கு முன், "உங்க ஊட்டுல மனுசருக்கு ஆப்பரேசன்னா என்னென்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு ஆனந்தம். நீ எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும்.

துரை என்னிடம்தான் இருக்கிறான். போன மாதம் அவனுக்கும் வயிறு உப்பியது. அண்ணனுக்கு வந்த அதே உப்பல். உடனே எக்ஸ்ரே எடுத்தேன். உள்ளே காற்று நிறைந்திருந்தது, இரைப்பை மட்டும் இம்மிகூடத் திரும்பவில்லை. குழாய் விட்டுக் காற்றை இறக்கியதும், பெரிய ஏப்பம் ஒன்று விட்டு எழுந்து நின்றான். "பையன் தப்பிச்சுட்டான்டி!" என்று கத்திவிட்டேன். உதவிக்கு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அங்கே இல்லாத உன்னிடம்தான் கத்தியிருக்கிறேன்.